இந்தக் கணினி என்பது எந்தக் கணினி?

மெய்நிகர் கணினியில் லினக்ஸ் நிறுவுதல் என்பது இன்று கணினியியல் மாணவர்க்கு மட்டும் உரிய வேலையன்று. பேச்சொலியை எழுத்தோடு பொருத்த முனையும் மொழியியல் மாணவரும், பெருந்தரவைக் கையாளும் சமூகவியல் மாணவரும் ஏதோவொரு கட்டத்தில் விர்ச்சுவல்பாக்சைத் திறக்கவே நேர்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என மும்பைத் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்வோர் பலருக்கு இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. அதுவும் லாமிங்டன் சாலையில் இரண்டாம் கையாக வாங்கியதாக இருக்கலாம். அண்ணனின் கணக்கு வேலையும் தங்கையின் பள்ளிப் பாடமும் அதிலுள்ள விண்டோசில்தான் நடக்கின்றன. அதை அழித்துவிட்டு லினக்ஸ் போட வீட்டில் எவரும் இசையார். இரண்டாவது கணினி வாங்க இயலாதவரின் இரண்டாவது கணினியே மெய்நிகர் கணினி.

அந்த இரண்டாவது கணினியை நிறுவுவதற்குக் கற்றுத்தருகிறார்கள். அது பழுதுபட்டால் என்ன செய்வது என்பதை எவரும் கற்றுத்தருவதில்லை. செய்முறை வகுப்பில் படிகள் அடங்கிய தாள் தரப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு திரைப்பிடிப்பு எடுத்து, அச்சிட்டு, ஜர்னலில் ஒட்டிக் கையொப்பம் பெறவேண்டும். படி ஆறில் திரை கறுத்துப்போன மாணவர், பக்கத்து இருக்கைக்காரரின் திரைப்பிடிப்பை வாங்கி ஒட்டுகிறார். ஜர்னல் நிறைவுபெறுகிறது. பழுது மாணவரோடு வீட்டுக்குச் செல்கிறது. இது கல்லூரிகளின் சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இதற்குப் பின்னால் தமிழறிந்தோரும் ஆங்கிலமறிந்தோரும் சேர்ந்தே ஏற்றுக்கொண்ட ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது. கணினியில் மாணவர் தடுமாறுவது சொல் புரியாமையால் என்பதே அவ்வெண்ணம். ஒரு சாரார் ஆங்கிலம் கற்கச் சொல்கின்றனர். மற்றொரு சாரார் கலைச்சொல் ஆக்கித் தருகின்றனர். இரு சாராரும் பழுதுச் செய்தி ஒன்றையேனும் ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை.

ஒன்றைப் படித்துப் பார்க்கலாம். 64-பிட் உபுண்டுவை மெய்நிகர் கணினியில் ஏற்ற முயன்றவர் பலரும் கண்ட செய்தி அது: இந்தக் கெர்னலுக்கு எக்ஸ்86-64 வகை நுண்செயலி தேவை, ஆனால் ஐ686 வகை மட்டுமே காணப்பட்டது, உங்கள் நுண்செயலிக்கு ஏற்ற கெர்னலைப் பயன்படுத்துக. எளிய ஆங்கிலம், பத்தாம் வகுப்பு மாணவர்க்கும் இலக்கணம் விளங்கும். விளங்கியபின் அவர் என்ன செய்வார்? தம் மடிக்கணினி பழையது, 32-பிட் மட்டுமே தாங்கும் என்று முடிவுகட்டுவார். 32-பிட் உபுண்டுவைத் தேடுவார். மேசைக்கணினிக்கான 32-பிட் பதிப்பை 2017-இல் வந்த 17.10 முதல் உபுண்டு வெளியிடுவதேயில்லை. ஆகவே இந்தக் கணினியில் லினக்ஸ் ஓடாது என்று கைவிடுவார். இத்தனைக்கும் அந்த மடிக்கணினியின் நுண்செயலி முழுமையான 64-பிட் நுண்செயலி.

செய்தி பொய் சொல்லவில்லை. அது சொன்னது மெய்நிகர் கணினியின் நுண்செயலியைப் பற்றி. மடிக்கணினியின் நுண்செயலியை அந்தக் கெர்னல் நேரே காண்பதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் எதைக் காட்டுகிறதோ அதையே காண்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 32-பிட் முகத்தைக் காட்டியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். புதுக் கணினியை உருவாக்கும்போது பதிப்புப் பட்டியலில் 32-பிட் லினக்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். பழைய விர்ச்சுவல்பாக்சாக இருந்தால், மெய்நிகராக்கத்துக்கான வன்பொருள் வசதி பயாசில் அணைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் 2005-இலும் ஏ.எம்.டி 2006-இலும் இவ்வசதியை நுண்செயலிகளில் சேர்த்தன. ஆயினும் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே விற்பனைக்கு வந்த மடிக்கணினிகள் ஏராளம். அல்லது வசதி இயக்கத்தில் இருந்தும், விண்டோசின் ஹைப்பர்-வி அதைத் தன் கைக்குள் வைத்திருக்கலாம். 6.1 பதிப்புக்குப் பின் விர்ச்சுவல்பாக்ஸ் வன்பொருள் வசதி இல்லாமல் ஓடவே மறுக்கிறது. அப்போது வருவது வேறு செய்தி, அதைச் சொல்வதும் வேறொருவர். (ஹைப்பர்-வி குறுக்கிடும்போது புதுப் பதிப்புகள் சாளரத்தின் அடியில் ஒரு பச்சை ஆமையைக் காட்டுகின்றன. அறிவிப்பு ஏதுமின்றி ஆமை மட்டும். பழுதறிவிப்புகளுள் மொழிபெயர்ப்பே வேண்டாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதன் பொருளையும் எவரும் மாணவர்க்குச் சொல்வதில்லை.)

ஆக, செய்தியைப் படித்தவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இச்சொல்லின் பொருள் என்ன என்பதன்று. இதைச் சொல்வது யார், எந்தக் கணினியைப் பற்றிச் சொல்கிறது என்பதே. இது அகராதியால் தீராது. மொழியியலில் இதற்குச் சுட்டு என்று பெயர். ‘இந்தக் கெர்னல்’, ‘உங்கள் நுண்செயலி’ ஆகிய தொடர்களின் பொருள் பேசுபவரின் இடத்தைப் பொறுத்தது. சாதாரணக் கணினியில் பேசுபவர் ஒருவரே. ஆகவே சுட்டு எங்கும் வழுக்குவதில்லை. மெய்நிகர் கணினியிலோ வெளியே விண்டோஸ், நடுவே விர்ச்சுவல்பாக்ஸ், உள்ளே லினக்ஸ் என மூவர் ஒரே திரையில் பேசுகின்றனர். மூவரும் தத்தம்மை ‘இந்தக் கணினி’ என்றே குறிக்கின்றனர்.

தமிழில் இதைச் சொல்ல இயலாதா என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. அ, இ, உ என மூன்று சுட்டுகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘உது’, ‘உந்த’, ‘உவன்’ என இன்றும் உயிரோடு உள்ளது. உள்ளே ஓடும் லினக்ஸ் இந்தக் கணினி, இடையில் நிற்கும் விர்ச்சுவல்பாக்ஸ் உந்தக் கணினி, மேசைமேல் இருக்கும் மடிக்கணினி அந்தக் கணினி. இதைப் பாடநூலில் சேர்க்கவேண்டும் என்பது வாதமன்று. ஆங்கிலம் இரண்டு சுட்டுகளால் திணறுகிற இடத்தில் மூன்று சுட்டுகள் உள்ள மொழியைக் குறைபாடுடையது என்று தள்ளிவைப்பதன் வேடிக்கையைச் சுட்டுவதே நோக்கம்.

சுட்டு வழுக்கும் இடங்கள் இத்துடன் நிற்கவில்லை. நிறுவல் முடிந்ததும், நிறுவல் ஊடகத்தை அகற்றிவிட்டு என்டர் விசையை அழுத்துமாறு உபுண்டு கேட்கிறது. எதை அகற்றுவது? மடிக்கணினியில் பென்டிரைவும் இல்லை, குறுந்தட்டும் இல்லை. அகற்றவேண்டியது விர்ச்சுவல்பாக்சின் பட்டியலில் மாட்டப்பட்டுள்ள ஐ.எஸ்.ஓ கோப்பு. அது அகற்றப்படாமல் இருந்து, வட்டுக்கு முன்பாகக் குறுந்தட்டிலிருந்து தொடங்கும்படி வரிசை அமைந்திருந்தால், கணினி மீண்டும் நிறுவியிலேயே விழிக்கிறது. மாணவர் மீண்டும் நிறுவுகிறார். மூன்று முறை நிறுவியும் லினக்ஸ் ஏறவில்லை என்று சொல்பவரின் கணினியில் அது முதல் முறையே ஏறியிருந்தது.

வட்டு நிறைந்துபோவது இன்னொன்று. உள்ளே லினக்சைக் கேட்டால் இன்னும் பன்னிரண்டு ஜிபி காலியாக இருக்கிறது என்கிறது. விர்ச்சுவல்பாக்சோ வட்டு நிறைந்தது என்று இயக்கத்தை நிறுத்திவைக்கிறது. இரண்டும் உண்மை. மெய்நிகர் வட்டு என்பது தேவைக்கேற்ப வளரும் ஒரு கோப்பு; அது வளர மடிக்கணினியின் வட்டில் இடமில்லை. நினைவகமும் அவ்வாறே: நான்கு ஜிபி உள்ள மடிக்கணினியில் மூன்றை உள்ளே கொடுத்தால் விண்டோஸ் மூச்சுத்திணறும், அதனால் உள்ளிருக்கும் லினக்சும் திணறும், பழி லினக்சின்மேல் விழும்.

இவற்றுள் அஞ்சத்தக்கது ‘வட்டை அழித்து உபுண்டுவை நிறுவு’ என்ற தெரிவு. மெய்நிகர் கணினியில் இதை முதன்முறை காணும் மாணவர் நடுங்குகிறார். குடும்பத்தின் ஒளிப்படங்கள், அண்ணனின் கணக்குகள் எல்லாம் அந்த வட்டில்தானே உள்ளன? அழியப்போவது ஒரு கோப்பு மட்டுமே என்று எவரேனும் சொல்லியிருந்தால் நடுக்கம் இராது. சொல்லாமல், ‘பரவாயில்லை, அழுத்து’ என்று மட்டும் தாள் சொல்கிறது. மாணவர் அழுத்துகிறார், ஒன்றும் நேரவில்லை, மறுமுறை அச்சமின்றி அழுத்துகிறார். ஓராண்டு கழித்து நண்பரின் மடிக்கணினியில் பென்டிரைவைக் கொண்டு நேரே நிறுவும்போதும் அதே தெரிவை அதே அச்சமின்மையோடு அழுத்துகிறார். அங்கே வட்டு என்பது வட்டேதான். படிகளை மனப்பாடம் செய்விக்கும் கல்வி செய்யக்கூடிய தீங்குகளுள் இதைவிடத் தெளிவான ஒன்றைக் காட்டுவது கடினம்.

இனி அந்த இரு சாராரிடம் வரலாம். ஆங்கிலம் கற்றால் போதும் என்போர்க்கு மேற்கண்டவையே மறுமொழி. ‘வட்டு’, ‘அகற்று’, ‘உங்கள்’ ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களை அறியாத கல்லூரி மாணவர் மாட்டுங்காவில் இல்லை. அறிந்தும் தவறினார்கள். ஏனெனில் தேவைப்பட்டது சொல்லறிவன்று, வாதம். ‘இதைச் சொன்னது உள்ளே உள்ளதா, வெளியே உள்ளதா? உள்ளே என்றால் அதற்கு அதை யார் காட்டினார்?’ என்று தனக்குள் வாதிடுவதற்கு ஒரு மொழி வேண்டும். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர் அவ்வாதத்தைத் தமிழில்தான் விரைவாகச் செய்வார். அவ்வாறு செய்ய அவருக்கு அனுமதியும் முன்மாதிரியும் கொடுக்காதது யார் குற்றம்?

கலைச்சொல் சாரார் செய்த பணியைச் சிறுமைப்படுத்த இடமில்லை. மும்பையில் பிரகாஷ் அத்வானியும் வெங்கடேஷ் ஹரிஹரனும் தொடங்கிய இண்ட்லினக்ஸ் இந்திய மொழிகளில் லினக்ஸ் என்ற எண்ணத்தையே பரப்பியது. க்னோம், கே.டி.இ ஆகிய சூழல்களைத் தமிழாக்கியவர்கள் ஊதியமின்றி உழைத்தவர்கள். ஆனால் அந்த உழைப்பை அளக்கக் கையாளும் அளவுகோல் கோணலானது: எத்தனை விழுக்காட்டுத் தொடர்கள் மொழிபெயர்க்கப்பட்டன என்பதே அது. பட்டியல்களும் பொத்தான்களும் எண்ணிக்கையில் மிகுதி, மொழிபெயர்க்க எளிது. பழுதுச் செய்தி அரிது, கடினம். எண்ணிக்கைக் கணக்கில் இரண்டும் ஒன்றே. மேலும் சொல்லாக்கத்தின் விளைவை எவரும் பயன்பாட்டில் சோதிப்பதில்லை. ‘செயலி’ என்ற சொல்லை நோக்குக. முன்பு அது நுண்செயலியைக் குறித்தது. இன்று கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்பைக் குறிக்கிறது. மேற்கண்ட செய்தியை ‘உங்கள் செயலிக்கு ஏற்ற கெர்னல்’ என்று தமிழாக்கினால், மாணவர் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற செயலியை நீக்கிவிட்டு வேறொரு செயலியைத் தேடுவார். ஹோஸ்ட், கெஸ்ட் என்ற இணைக்கு ஓம்புநர், விருந்தினர் என்பது பொருத்தமா, புரவலர் என்பது பொருத்தமா என்று நாட்கணக்கில் வாதிடலாம். வெளிக்கணினி, உள்கணினி என்று சொன்னால் தொண்ணூறடிச் சாலையில் எவருக்கும் ஒரு நொடியில் விளங்கும்.

இதைக் காட்டிலும் ஆழமான இக்கட்டு ஒன்று உண்டு. அதைக் கலைச்சொல் சாரார் பேசுவதேயில்லை. டெபியனின் வரைகலை நிறுவி 2007-இல் 4.0 பதிப்போடு வந்தது. வரைகலை நிறுவியில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்துமட்டும் காட்டும் நிறுவியில் தமிழ் கிடையாது. காரணம் புறக்கணிப்பன்று. லினக்சின் எழுத்துமுனையம் திரையைச் சமமான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வடிவத்தை வைக்கிறது. எழுத்துருவில் 256 அல்லது 512 வடிவங்களுக்கே இடம். ‘கொ’ என்பதில் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்ட உயிர்க்குறி, ககரத்தின் இருபுறமும் பிரிந்து அமரவேண்டும். அந்த வேலையைச் செய்யும் பொறி எழுத்துமுனையத்தில் இல்லை. சரி, நவீன மாணவர் எழுத்துமுனையத்தை எப்போது காண்கிறார்? எல்லாம் நலமாக இருக்கையில் காண்பதில்லை. வரைகலை இயக்கி தோற்றுத் திரை கறுத்தபின், மீட்புநிலையில் கணினி எழுந்தபின், கோப்பு முறைமை சிதைந்து கெர்னல் கைவிரித்தபின் காண்கிறார். கெர்னலின் செய்திகளோ எம்மொழியிலும் மொழிபெயர்க்கப்படுவதில்லை. அதாவது கணினி நலமாக உள்ளவரை தமிழ் திரையில் இருக்கிறது. பழுது நேர்ந்த கணமே தமிழ் வெளியேறிவிடுகிறது. விழுக்காட்டுக் கணக்கு எத்தனை உயர்ந்தாலும் இது மாறாது. தமிழகத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் தரப்பட்டது. தமிழ் அதில் இருந்தது. அது தொடங்க மறுத்தபோது என்ன செய்வது என்று தமிழில் வாதிடக் கற்றுத்தரும் ஏற்பாடு அதனோடு வரவில்லை.

மும்பையிலேயே, பொவாயில், இதற்கு மிக அருகில் வந்த ஒரு முயற்சி உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் உட்படப் பல கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான பாடங்களாக்கி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் கொடுத்து, இலவசமாக வழங்கியது. திரை ஆங்கிலத்திலேயே இருக்கும், குரல் மட்டும் தாய்மொழியில் ஒலிக்கும். வேலைவாய்ப்புக்கு ஆங்கிலத் திரையோடு பழக்கம் வேண்டும் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். இவ்வமைப்பு மிகச் சரியானது. திரையை மொழிபெயர்க்கும் ஆசையை விட்டு, திரையைப் பற்றிப் பேசும் பேச்சைத் தாய்மொழியாக்கியதே இத்துறையில் நிகழ்ந்த அறிவார்ந்த முடிவு. ஆனால் அந்தப் பேச்சு எதைப் பேசிற்று? ‘இங்கே சொடுக்கவும், இப்போது இது தோன்றும்.’ பாடத்தை ஒருபுறம் ஓடவிட்டு, மறுபுறம் அதையே செய்துபார்ப்பது கற்கும் முறை. பாடத்தில் ஒன்று தோன்றி, மாணவரின் திரையில் வேறொன்று தோன்றினால், பாடம் அதைக் கேளாமல் அடுத்த சொடுக்குக்குச் செல்கிறது. எழுத்துவடிவைப் புதியவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்த பின்னரே பாடம் பதிவாகிறது என்பது அத்திட்டத்தின் பெருமை. அவர் தடுக்கி விழுந்த இடங்களே பாடத்தின் மிகப் பயனுள்ள பகுதியாகியிருக்கக்கூடும் என்பது எண்ணப்படவில்லை. அவை சமன்செய்யப்பட்டு மறைந்தன.

பழுதறியும் பேச்சு தமிழில் இல்லாததால் இவ்வாறு ஆயிற்று என்று எவரும் சொல்லவேண்டாம். தாராவியில் தையல் எந்திரம் பழுதுபார்ப்பவரிடம் ஒரு மாணவர் சிறிது நேரம் நின்று கேட்கட்டும். நூல் அறுகிறது என்றால் அவர் உடனே எந்திரத்தைக் கழற்றுவதில்லை. மேல்நூலா, அடிநூலா? ஊசி மாற்றியது எப்போது? தடித்த துணியில் மட்டுமா, எல்லாத் துணியிலுமா? நேற்றுவரை ஓடியது என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறிற்று? கோளாறு, அடைப்பு, இழுவை, மக்கர் எனத் திருநெல்வேலித் தமிழும் மும்பை இந்தியும் கலந்த சொற்களில், ஐயத்தை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி இடத்தைச் சுருக்கும் முறையான வாதம் அது. கணினி ஆய்வகத்துக்கு இதனினும் சிறந்த முறை தெரியாது. எந்திரத்தின் பழுதைத் தமிழில் ஆராயும் ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு, கணினியின் பழுதை ஆராயத் தமிழ் போதாது என்று கல்லூரி சொல்கிறது; பிள்ளையும் நம்பிவிடுகிறது.

ஒரு மறுப்பு நியாயமானது. பழுதுச் செய்தியைத் தமிழாக்கினால் அதை வைத்து இணையத்தில் தேட இயலாது. தேடினால் விடை வராது. உண்மை. தமிழ்ச் சூழலில் வேலைசெய்வோரும் பழுது வந்தால் அந்தக் கட்டளைக்கு மட்டும் மொழியமைப்பை மாற்றி ஆங்கிலச் செய்தியைப் பெற்றுத் தேடுவதுண்டு. ஆகவே செய்தி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளப்படட்டும். அதைச் சொன்னது யார், எதைப் பற்றி, இதற்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடும், எதை மாற்றிப் பார்த்தால் எந்தக் காரணம் விலகும் என்ற உரை தமிழில் அமையட்டும். மூலத்தை ஒரு மொழியிலும் உரையை மற்றொரு மொழியிலும் வைத்துக் கற்பது தமிழ்ப் புலமை மரபுக்குப் புதிதன்று.

நேரமில்லை, கருவியில்லை என்பது மற்றொரு மறுப்பு, அது நிற்காது. மெய்நிகர் கணினியில் ஸ்னாப்ஷாட் என்றொரு வசதி உண்டு. நலமான நிலையைப் பதிந்துவைத்துவிட்டு, உள்ளே எதையும் உடைக்கலாம். ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். உடைப்பதற்குச் செலவே இல்லாத ஆய்வகம் இது ஒன்றுதான். வேதியியல் ஆய்வகம் இதற்காக ஏங்கும். இதை வைத்துக்கொண்டு, எதுவும் உடையாத பயிற்சியை மட்டும் நடத்துவது வியப்புக்குரியது.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள எந்தக் கல்லூரியும் அடுத்த பருவத்திலேயே செய்முறைத் தேர்வை மாற்றலாம். மாணவர்க்கு ஓடும் கணினியைக் கொடாமல், ஓடாத கணினியைக் கொடுக்கவேண்டும். ஒன்றில் பதிப்பு 32-பிட் என்று மாற்றப்பட்டிருக்கும். ஒன்றில் ஐ.எஸ்.ஓ மாட்டப்பட்டே இருக்கும். ஒன்றில் நினைவகம் அரை ஜிபி. ஒன்றில் வலையமைப்பின் இணைப்பு விர்ச்சுவல்பாக்சில் துண்டிக்கப்பட்டிருக்கும். உள்ளே எல்லா அமைப்பும் சரியாக இருக்கும். மதிப்பெண்ணில் பாதி, கணினியை ஓடவைத்ததற்கு. மறுபாதி, எந்தக் கணினி பேசிற்று, அது ஏன் அவ்வாறு நினைத்தது என்று வாய்மொழித் தேர்வில் விளக்கியதற்கு; விளக்கம் தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ, மாணவர் எதில் வாதிடுவாரோ அதில். ஆய்வக உதவியாளர் இந்த நான்கு கணினிகளையும் ஒரு பிற்பகலில் உடைத்துவைத்துவிடலாம்.